நாலு புள்ளி ஒன்று

மரிக்கொழுந்துக் காசு வீட்டுக்கு.
கஞ்சிப்பாசிக் காசு தனி டப்பாவில்.
மாதத்தில் பன்னிரண்டு நாள் கடல்,
மிச்ச நாளெல்லாம் போனில் விலை பார்ப்பது.
எட்டு மாதத்தில் முப்பத்தோராயிரத்து நானூறு.
சின்னப்பாலத்தில் அந்தக் காசுக்கு
ஒரு பழைய வத்தை வரும், இஞ்சின் இல்லாமல்.

"பாதிய புராசஸர்ல போடுக்கா" என்றான் நம்புராஜன்.
தாளில் நான் முதலில் எழுதியது பவர் சப்ளை.
பாம்பன் கரண்டு தெரிந்தவள் அப்படித்தான் எழுதுவாள்:
ஐஸ் கம்பெனி மோட்டார் கிளம்பும்போது
எங்கள் தெரு பல்பு
ஒருதரம் கண்ணை மூடித் திறக்கும்.

கீழக்கரையில் சீனி அசன் கடை.
அவர் எடுத்து வைத்த ஐந்நூறு வாட்ஸ் பெட்டியைத்
தூக்கிப் பார்த்தேன்.
காய்ந்த கட்டக்கோரை கணக்காய் லேசு.
"மேலயே எழுதிருக்குலம்மா."
சாக்கில் எழுதிய எடையை நம்பி
ஏவாரியிடம் மூன்று வருசம் ஏமாந்தவர்கள் நாங்கள்.
வேற காட்டுங்கண்ணே.
கனத்தது வந்தது. எழுநூறு கூட.

ஏ என்று தொடங்கும் போர்டில்
வேகம் பூட்டிக் கிடக்கும்; பி வேண்டும்.
ராம் எட்டு எட்டாய் இரண்டு.
பதினாறை ஒன்றாய் வாங்கினால்
ஒற்றைத் துடுப்பு.
புராசஸர் பழசு, ஆறு கோர், பூட்டில்லாதது,
பின்களை வெயிலில் சாய்த்து ஒவ்வொன்றாய் எண்ணினேன்,
அவர் அதற்குள் டீ வாங்கி வந்துவிட்டார்.
கிராபிக்ஸ் கார்டு கோயம்புத்தூரில் இரண்டு வருசம்
நாணயம் தோண்டியதாம்.
இருக்கட்டும். நானும் தோண்டித்தான் வந்திருக்கிறேன்.
நாலு செம்புக்குழாய் வைத்த கூலர் வாங்கியபோது
கேபினெட்டுக்குக் காசு இல்லை.
மானிட்டர் தவணை.

கேபினெட் நீலநிற மீன் கிரேட்.
நாலு பக்கமும் ஓட்டை, இதைவிடக் காற்று எதில் வரும்?
உப்புக்காற்றுக்கு நைலான் துணி கட்டினேன்.
முதல் வாரம் சூடானபோதெல்லாம்
சாளை வாசம் வந்தது.

பிறகு ராத்திரிகள்.
மூன்று புள்ளி நாலில் கடையில் வந்த வேகம்.
மூன்று புள்ளி எட்டு, சும்மா ஏறியது.
நாலு. வோல்டேஜ் ஒரு சிட்டிகை.
நாலு புள்ளி ஒன்று, மூன்று மணி நேரச் சோதனை,
எழுபத்தெட்டு டிகிரி,
ஜன்னலுக்கு வெளியே வாடைக்காற்று இலவசம்.
நாலு புள்ளி இரண்டு,
பதினோராவது நிமிடம் நீலத்திரை.

"இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் ஏத்து" என்றான்.
அவன் தண்ணீருக்குள் போனதில்லை.
குருசடைத் தீவுக்குத் தெற்கே
பாறையைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது
நெஞ்சு ஒருதரம் குலுங்கும். அப்போது ஏறிவிட வேண்டும்.
இன்னும் ஒரு பிடி, இன்னும் ஒரே பிடி என்று
நானும் ஒருநாள் கிடந்தேன்.
முனீஸ்வரி முடியைப் பிடித்து இழுத்தாள்.
அந்தப் பிடிப் பாசி
எத்தனை ரூபாய் என்று பிறகு கணக்குப் போட்டேன்:
நாலு ரூபாய் சொச்சம்.

நாலு புள்ளி ஒன்றுக்கு இறக்கி, சேமித்து,
போர்டுப் பெயரோடு தாளில் எழுதி
சுவரில் ஒட்டினேன்.
நம்புராஜன் இரண்டு நாள் பேசவில்லை.

முதலில் ஏற்றிய விளையாட்டு ஒரு கடல்.
மூலையில் மூச்சுக்கு ஒரு பச்சைக் கோடு,
தீரும்போது சிவப்பாகி மணியடிக்கிறது.
சிரித்துவிட்டேன். மணியடிக்கிறதாம்.
விரலில் துணி சுற்ற வேண்டியதில்லை,
சொறி இல்லை, பாறையில் முள்ளி இல்லை,
தண்ணீர் மட்டும் கொஞ்சம் சரியாக வந்திருக்கிறது,
மேலேயிருந்து வெளிச்சம் இறங்கும் இடம்.

நாலு மணிக்கு ஐஸ் கம்பெனி கிளம்பியது.
பல்பு கண்ணை மூடித் திறந்தது.
கிரேட்டுக்குள் காற்றாடிகள்
சத்தம் மாறாமல் சுற்றின.
வாசலில் முனீஸ்வரி: "வர்றியா, இல்ல விளையாடுறியா?"
கண்ணாடியைத் தேடினேன்,
கீபோர்டுக்கு அடியில் இருந்தது.